முன்பின் அறியாதவரின் மடல்

தியாகராய நகர் ஜவுளி வியாபாரி ஒருவருக்கு, அவர் அடையாற்றில் திறந்த புதுக் கிளையை வாழ்த்தி, அங்கே கணக்கு வைத்துக்கொள்ள மென்பொருள் வேண்டுமா என்று பிரியத்துடன் விசாரித்து, முன்பின் அறியாத நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வருமானால், அதை எழுதியது செயற்கை நுண்ணறிவாகவே இருக்கக்கூடும். கடையின் இணையதளத்தையும் வெளிவந்த செய்திகளையும் வாசித்து, பெயர், தொழில், அண்மை விசேஷம் ஆகியவற்றைக் கிரகித்து, ஆயிரம் பேருக்கு ஆயிரம் விதமாக அது எழுதிவிடுகிறது. 1996இல் வேறு பெயரில் தொடங்கிச் சென்னையில் வளர்ந்த ஸோஹோ நிறுவனத்தின் ‘ஸியா’ என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி, ஒருவரைத் தொடர்புகொள்ள உகந்த வேளையையும் அனுமானித்துச் சொல்கிறது. திறக்காத கிளைக்கும் யந்திரம் கூசாமல் வாழ்த்துக் கூறிவிடுமாதலால், அனுப்புமுன் மனிதர் ஒருவர் வாசித்தே தீரவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். பெறுபவர் பக்கம் பார்த்தால், இந்தியாவில் வேண்டாத வர்த்தக அழைப்பையும் குறுஞ்செய்தியையும் 1909 என்ற எண்ணில் பதிந்து தடுக்கலாம். மின்னஞ்சலுக்கோ அத்தகைய பதிவேடு இங்கே ஏற்படவில்லை.