மாநிலத்தின் முதல் வக்கீல் எப்போது வாய் திறக்கிறார்?

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையை அமைத்தது அரசு. செராமிக் பயிலகம் நடத்துவதும் அரசு. அகல் விளக்கும் பீஸ் கேரியரும் செய்யும் சிறு முதலாளிக்கு ஷெட் வாடகையில் தகராறு என்று வைத்துக்கொள்ளுங்கள், எதிராளி அரசுதான். சிவில் வழக்குப் போடலாம் என்று போனால், ஊர் வக்கீல் முதலில் கேட்பார்: “செக்‌ஷன் 80 நோட்டீஸ் கொடுத்தாச்சா?”

அரசு மீது வழக்குப் போடுமுன், சிவில் நடைமுறைச் சட்டத்தின் அந்தப் பிரிவுப்படி நோட்டீஸ் கொடுத்து 2 மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் அரசு யோசித்து, நியாயம் இருந்தால் தீர்த்துவிடட்டும் என்பதே சட்டத்தின் எண்ணம். நடப்பது வேறு. ஒப்புகை வரும், பதில் வராது. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-லேயே உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்து, பதில் அனுப்பும் பொறுப்பை ஓர் அதிகாரியிடம் ஒப்படைக்கச் சொன்னது.

இதற்கும் மாநிலத்தின் முதல் வக்கீலான அட்வகேட் ஜெனரலுக்கும் என்ன சம்பந்தம்? அரசியலமைப்பின் 165-வது பிரிவைப் படித்தால் தெரியும். ஆளுநர் நியமிக்கும் அந்தப் பதவிக்கு, உயர் நீதிமன்ற நீதிபதியாகும் தகுதி வேண்டும். முதல் கடமையாகச் சொல்லியிருப்பது வாதாடுவதை அல்ல. அரசுக்குச் சட்ட ஆலோசனை சொல்வதை. 177-வது பிரிவின்படி சட்டமன்றத்திலும் பேசலாம், ஓட்டு மட்டும் கிடையாது. இவ்வளவு கொடுத்து வைத்திருந்தும், பெரும்பாலும் வழக்குத் தோற்ற பிறகுதான் ஆலோசனை கேட்கிறார்கள்: “அப்பீல் போகலாமா?”

பச்சை அகலில் விழும் விரிசலை ஈரவிரலால் தடவி மூடிவிடலாம். சூளையில் வெந்த பிறகு அது உடைசல் குவியலுக்குத்தான். சட்ட ஆலோசனையும் அப்படியே. ஷெட் வாடகை வழக்கு உயர் நீதிமன்றம் போய்ச் சேர்வதற்குள் தொழிலே படுத்துவிடும். அரசுக்கு அது ஒரு நம்பர், அவ்வளவுதான்.

அப்பீல் போகாமல் விட்டால் தணிக்கைக்கு யார் பதில் சொல்வது என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். கேட்கட்டும். “இந்த வழக்கு நிற்காது, பேசி முடியுங்கள்” என்று சட்டம் தெரிந்தவர் எழுதிக் கொடுத்தால் அந்தப் பயமும் போய்விடுமே!

சின்ன வழக்கெல்லாம் அட்வகேட் ஜெனரலே பார்க்க முடியாது, உண்மைதான். அவருக்குக் கீழே அரசு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். செக்‌ஷன் 80 நோட்டீஸ், தகராறைக் கிளப்பிய அலுவலகத்தின் மேசையிலேயே முடங்காமல், முதல் வாரமே அவர்களிடமும் ஒரு நகல் போகட்டும். சட்டத் திருத்தமெல்லாம் வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும்.