கத்தி பட்டால் விரியும் புண்

அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். ஆறிவந்த தையலின் ஓரம் சிவந்து, சின்னச் சீழ்க்கொப்புளம் எழுந்து உடையும். மறுநாள் புண் தையலைத் தாண்டிப் பரவியிருக்கும். காய்ச்சலடிக்கும், ரத்தத்தில் வெள்ளையணுக்கள் எகிறியிருக்கும். எந்த மருத்துவருக்கும் முதலில் தோன்றுவது கிருமித்தொற்றுதான். ஆன்டிபயாட்டிக் ஏற்றியும் கேட்காததால், அழுகிய சதையை வெட்டியெடுக்க மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோகிறார்கள். வெட்டிய ஓரத்திலிருந்து புண் இன்னும் வேகமாக விரிகிறது.

இது பயோடெர்மா கேங்கிரினோசம். 1930இல் இதற்குப் பெயரிட்ட அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்களும் கிருமியைத்தான் சந்தேகித்தார்கள். உண்மையில், கிருமியைத் தாக்க வேண்டிய நியூட்ரோஃபில் அணுக்கள் சொந்தத் தோலில் குவிந்து அதையே அரிக்கின்றன. காயம் அவற்றைத் தூண்டக்கூடும். சிலருக்கு ஊசி குத்திய இடமே போதும். குடல் அழற்சி, முடக்குவாதம், சில ரத்த நோய்கள் உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு கூடுதல். ஆனால் அறுவைக்குப் பின் இது வருகிறவர்களில் பலருக்கு அப்படி எந்த நோயும் இருப்பதில்லை. அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

புண்ணின் ஓரத்தைக் கவனிக்க வேண்டும். அது ஊதாவாக, மாநிறத் தோலில் கருமையாக, உள்ளே குடைந்து தொங்கும். பார்ப்பதற்குப் பொருந்தாத அளவுக்கு வலிக்கும். மார்பகத்தில் வந்தால் பெரும்பாலும் முலைக்காம்பை விட்டுவிட்டுச் சுற்றிலும் அரிக்கும். ஒட்டுவதற்காகத் தொடையில் தோல் எடுத்த இடத்திலும் அதே புண் கிளம்பினால், அதைவிடப் பெரிய துப்பு கிடையாது.

இதை உறுதிசெய்யத் தனிப் பரிசோதனை எதுவும் இல்லை. ஓரத்துச் சதையைச் சோதித்து, கல்ச்சர் பார்த்து, தொற்று இல்லையென்று தெளிந்த பிறகு ஸ்டீராய்டு தருகிறார்கள். எதிர்ப்புச்சக்தியை அடக்கும் மருந்தை, தொற்றோ என்று அஞ்சிய நோயாளிக்குக் கொடுக்க மிகுந்த துணிவு வேண்டும். ஆகவே இரண்டாவது வெட்டுக்கு முன்பே தோல் மருத்துவரை அழைப்பது கட்டாயம் என்பேன்.

ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன், எதிர்ப்புச்சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான சைக்ளோஸ்போரின் இரண்டையும் ஒப்பிட்ட பிரிட்டன் ஆய்வு 2015இல் வெளியானது. பலனில் வேறுபாடில்லை, 6 மாதத்தில் இரு பிரிவிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே புண் ஆறியது. இன்ஃபிளிக்சிமாப் ஊசி பலன் தருவதை 2006ஆம் ஆண்டின் இன்னொரு ஆய்வு காட்டியது. புண்ணில் ஒட்டாத, ஈரம் காக்கும் கட்டைப் போட்டு, சுரண்டாமல் விட வேண்டும். ஆறினாலும் சல்லடை போன்ற தழும்பு தங்கும்.

ஒருமுறை வந்தவர், அடுத்து எந்த அறுவைக்குப் போனாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தேவைப்பட்டால் ஸ்டீராய்டைத் தொடங்கிவிட்டே மருத்துவர் கத்தி வைப்பார்.