நாளுக்கு மூன்று நல்லவை

1990இல் தீவகத்தை விட்டு இடம்பெயர்ந்து, இப்போது திரும்பி வந்திருக்கும் உங்கள் கண்ணில் முதலில் படுவது கூரையில்லாத வீடும் உவர் ஏறிய கிணறும்தான். மனம் இழப்பையே முதலில் எண்ணும், அது இயல்பு.

மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் இரவுதோறும் மூன்று நல்ல விடயங்களையும் அவற்றுக்கான காரணத்தையும் எழுதியவர்களுக்கு ஆறு மாதம் வரை மனச்சோர்வு குறைந்திருந்தது. விடாமல் தொடர்ந்தவர்களே கூடுதலாகப் பயனடைந்தனர்.

நீங்களும் படுக்குமுன் கொப்பியில் எழுதுங்கள்: குறிகட்டுவான் படகு நேரத்துக்கு வந்தது, அயலவர் நன்னீர் தந்தார், வடலி துளிர்த்தது. காரணத்தை எழுதும்போது, நாளை யாரிடம் உதவி கேட்கலாம் என்பதும் புலப்படும்.

இது வீட்டுத்திட்டத்துக்கு ஈடல்ல. அதைக் கிராம அலுவலரிடம் கேளுங்கள். இரண்டு வாரமாகத் தூக்கமில்லையெனில் அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.