காற்றும் மோட்டார் சைக்கிளும்

கரோல்பாகிலிருந்து மத்தியச் செயலகத்திற்கு மோட்டார் சைக்கிளில் வரும் நண்பர் ஒருவர், பெட்ரோல் மிச்சமாகும் என்று நம்பி, முதுகை வளைத்துத் தலையைத் தாழ்த்தியே ஓட்டுகிறார். அந்த முதுகுவலிக்குப் பயன் உண்டா, நேயர்களே?

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி வளர்வது. மணிக்கு 40 கிலோமீட்டரில் செல்லும் வண்டி 80-ஐ எட்டினால் எதிர்ப்பு இரு மடங்கன்று, நான்கு மடங்கு. அதனை வெல்லும் திறனோ எட்டு மடங்கு வேண்டும். பயண நேரம் பாதியாவதால், அதே தூரத்திற்குக் காற்றின் பொருட்டு ஆகும் வேலை நான்கு மடங்காக நிற்கும்.

தில்லித் தெருவில் அந்த வேகம் ஏது? அங்கே பெட்ரோலை உண்பது நின்று நின்று புறப்படுவதே. 1990களின் இறுதி வரை கன்னாட் பிளேசுக்கும் சாந்தினி சௌக்கிற்கும் இடையே ஆள் ஏற்றி ஓடிய 'பட்பட்டியா', போர்க்காலத்து ஹார்லி டேவிட்சனில் பிணைத்த மூன்று சக்கர வண்டி. காற்றுக்கு அது ஒரு சுவர்தான். எனினும் அதன் நடைக்கு அது பெருங்குற்றமன்று.

மதுரா நெடுஞ்சாலையில் கதை வேறு. அங்கே முன்புறத்தைவிடப் பின்புறமே முக்கியம் என்பது பலர் அறியாதது. ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே காற்று சுழன்று, அழுத்தம் குறைந்து, வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. மீனைப்போல் வால் நீண்டு குறுகினால் சுழல் தணியும். இவ்வாறு முழுதும் மூடிய ஜெர்மனியின் என்.எஸ்.யூ. வண்டி 1956-இல் மணிக்கு 339 கிலோமீட்டரை எட்டியது.

ஆயினும் அகன்ற மூடி பக்கக்காற்றுக்குப் பாயாகிவிடும். முன்சக்கரத்தை மூடும் உறை 1958 முதல் பன்னாட்டுப் பந்தயங்களில் தடை செய்யப்பட்டதற்கு இவ்வபாயமும் ஒரு காரணம்.