இசைத்தொகுப்பும் நம் அபிப்பிராயமும்

மட்டாஞ்சேரியின் பஜார் தெருவில் மாலை வேளையில் நடந்து செல்வோர் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ் ஆகிய மொழிகளைச் சில நூறு அடி தூரத்திற்குள் கேட்டுவிடலாம். இசையிலும் இவ்வூர் அத்தகையதே. 1954-இல் வெளிவந்த ‘நீலக்குயில்’ என்னும் மலையாளத் திரைப்படத்தில் பாடிய மெஹபூபையும், மலையாளத்தில் கஜல் பாடிப் புகழ்பெற்று 2018-இல் மறைந்த உம்பாயியையும் இப்பகுதி மக்கள் தம்மவர் என்று இன்றும் போற்றுகின்றனர்.

அதே தெருவில் இன்றைய இளைஞர் விரும்பிக் கேட்பன ஹிப் ஹாப், மின்னணு இசை, பாப் என்பன. “இதுவும் ஒரு சங்கீதமா?” என்று முதியவர் கேட்கிறார். “உங்கள் பாட்டு உறக்கம் வரவழைப்பது” என்று இளைஞர் விடையிறுக்கிறார். இருவரும் முழுவதும் கேட்காமலே தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். ஓர் இசைத்தொகுப்பைப் பற்றி நேர்மையான அபிப்பிராயம் கொள்வது எங்ஙனம் என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில், தொகுப்பு என்பது யாது? பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று அல்லது நான்கு நிமிட இசையே அடங்கும். 1948-இல் அமெரிக்காவில் நீண்ட நேர இசைத்தட்டு வந்த பின், ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேலும் இசைக்க முடிந்தது. பாடல்களை ஒரு வரிசையில் அமைத்து, அனைத்தும் சேர்ந்து ஒரு கருத்தைச் சொல்லும்படி செய்ய அப்பொழுது வழி பிறந்தது. எனவே ஒரு பாடலை மட்டும் கேட்டுத் தொகுப்பை மதிப்பிடுவது, ஓர் அத்தியாயத்தைப் படித்து நூலை மதிப்பிடுவது போன்றதாகும்.

இனி, ஒவ்வொரு வகைக்கும் உரிய அளவுகோல் எது என்பதைப் பார்ப்போம். ஹிப் ஹாப் 1973-இல் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் தோன்றியது. இசைத்தட்டுகளில் தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை மீண்டும் மீண்டும் இசைத்து நீட்டினார்கள். அதன்மேல் எதுகையுடன் சொற்களை அடுக்கிப் பேசினார்கள். இங்கே இராக விரிவைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். சொல் தாளத்தின்மீது எவ்வாறு அமர்கிறது, சொல்லப்படும் செய்தி உண்மையின் சூட்டோடு இருக்கிறதா என்பவையே கேட்க வேண்டியவை. அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு, ஆஃப்ரோ என்னும் இசையமைப்பாளருடன் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட ‘தெருக்குரல்’ சாதிக் கொடுமையையும் அரசியலையும் பேசும் தொகுப்பு. இன்னோசை குறைவு என்று அதனைத் தள்ளுவோர் அதன் குரலையே கேளாதவராவர். சொல் கூர்மையிழந்த இடம் எது என்று காட்டுவோரோ நல்ல விமர்சகர் ஆவர்.

மின்னணு இசையின் கதை நமக்கு ஒரு பாடமாகவே அமைந்துள்ளது. பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982-இல் பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஒரு தொகுப்பைப் பதிவு செய்தார். ஜப்பானிய ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று மின்னணுக் கருவிகளே போதுமாயிருந்தன. திரைப்பாடலுக்குப் பழகிய மக்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. தொகுப்பு விலைபோகாமல் மறக்கப்பட்டது. 2010-இல் அது ஐரோப்பாவில் மறுபடியும் வெளியிடப்பட்டபோது, 1987-இல் சிகாகோவில் ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற பெயரில் எழுந்த இசையை இவர் முன்னரே கண்டுபிடித்துவிட்டார் என்று வியந்தனர்.

அன்றைய புறக்கணிப்பும் பின்னைய வியப்பும் பிறர் அளவுகோலால் பிறந்தவை அன்றோ? அவர் செய்ய விரும்பியது, நம் இராகங்களைப் புதிய கருவியில் ஒலிக்கச் செய்வதே. அந்நோக்கத்தை வைத்துப் பார்த்தால் சிறப்பும் தெரியும், குறையும் தெரியும். இராகத்தின் சுரங்கள் வழுவாமல் துலங்குவது சிறப்பு. பத்திலும் தாளம் ஏறக்குறைய ஒரே விரைவில் ஓடுவதால், ஆலாபனையின் நிதானத்திற்கு இடமில்லாமற் போனது குறை. இத்தகைய அபிப்பிராயம் அவருக்குக் காலத்தில் கிடைத்திருக்குமாயின் அவர் இன்னும் பல முயற்சிகளில் இறங்கியிருக்கக் கூடும். புகழ் வந்தபோது அவருக்கு முதுமை வந்துவிட்டது, 2015-இல் காலமானார்.

பாப் இசைக்கு உயிர், ஒருமுறை கேட்டாலே நெஞ்சில் தங்கும் பல்லவி. எளிமை அதன் குறையன்று. அந்த எளிமை எதனைச் சுமந்து வருகிறது என்பதே கேள்வி. இலண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் இளமையைக் கழித்த மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007-இல் வெளியிட்ட ‘கலா’ என்னும் தொகுப்பு அவருடைய அன்னையின் பெயரைத் தாங்கியது. உறுமி முழக்கமும், 1982-இல் வந்த ‘டிஸ்கோ டான்ஸர்’ என்னும் இந்திப் படப்பாடல் ஒன்றும் அதில் இடம்பெறுகின்றன. அதில் உள்ள ‘பேப்பர் பிளேன்ஸ்’ உலகெங்கும் பரவியது. அப்பாடலின் பல்லவியில் சில சொற்களுக்குப் பதிலாகத் துப்பாக்கி ஒலியும் பணப்பெட்டி திறக்கும் ஒலியும் கேட்கும். குடியேறி வந்தவரை ஐயத்தோடு நோக்கும் உலகை எள்ளி நகையாடும் பாடல் அது. கடன் வாங்கிய ஒலிகளின் கலவை என்று மட்டும் கூறுவோர், கலவைக்குப் பின்னால் நிற்கும் புலம்பெயர்ந்தோரின் வாழ்வைக் காணத் தவறிவிடுகின்றனர்.

ஆகவே, தொகுப்பை முழுவதும் கேட்போம். அது எதனைச் செய்ய முயல்கிறது என்று அறிவோம். பின்னர், பிடித்தது ஏன், பிடிக்காதது ஏன் என்று காரணத்தோடு கூறுவோம். பிடிக்கவில்லை என்பதற்கு நமக்கு முழு உரிமை உண்டு. காரணமின்றி இகழ்வதற்கு உரிமை இல்லை. கலைஞனின் பெயரும் பிழைப்பும் நம் சொல்லைச் சார்ந்து நிற்கின்றன.

மட்டாஞ்சேரி முதியவருக்கு இது புதிய பாடமன்று. கஜலைக் கஜலாகவும் மாப்பிளைப் பாட்டை மாப்பிளைப் பாட்டாகவும் கேட்டு, பாடல் முடிந்த பின்னரே “பலே” சொல்லிப் பழகிய செவி அவருடையது. அதே பொறுமையைப் பேரனின் இசைக்கும் அவர் அளிக்கட்டும். பேரனும் தாத்தாவின் கஜலை இறுதிவரை இருந்து கேட்கட்டும்.