கடற்புல்லும் குழல்மீனும்: மாமல்லபுரக் கடற்கரையை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

குழல்மீன், கடற்குதிரை முதலிய சிறுமீன்களின் ஒல்லியான உடலமைப்பு அவை வாழும் நீர்த்தாவரங்களோடு பிரிக்க இயலாத தொடர்புடையது. இத்தொடர்பின் இயல்பை விளக்கி, பரந்த கடற்புல் வெளி இல்லாத செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் இம்மீன்களுக்குரிய இடம் எது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மீனுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தால் மட்டும் போதாது. அதன் உறைவிடமாகிய புல்லையும் கழியையும் சரியான பெயரால் அறிந்து பதிவு செய்தல் வேண்டும் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: குழல்மீன், கடற்குதிரை, கடற்புல், கடற்பாசி, உப்பங்கழி, முட்டுக்காடு, மாமல்லபுரம்.

முன்னுரை

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அவற்றைச் சார்ந்து தோன்றும் உயிர்களையும் தொழில்களையும் கருப்பொருள் என்றும் வகுக்கிறது. ஓர் உயிரை அதன் நிலத்தினின்று பிரித்து அறிய இயலாது என்ற கருத்து இப்பாகுபாட்டினுள் அடங்கியுள்ளது. இலக்கியத்திற்காக வகுக்கப்பட்ட இக்கருத்து, நெய்தல் நிலத்தின் சிறுமீன்கள் சிலவற்றிற்கு உயிரியல் நோக்கிலும் பொருந்தி வருகிறது. அவற்றுள் முதன்மையானவை குழல்மீன்கள். இம்மீன்களின் வடிவம், நிறம், அசைவு ஆகிய மூன்றும் அவை மறைந்து வாழும் தாவரத்தை ஒத்தவை.

உலகக் கடல்களில் இத்தகைய மீன்கள் இருவகைத் தாவரப் பரப்புகளில் மிகுதியாகக் காணப்படுகின்றன. ஒன்று, குளிர்கடல்களில் பாறைகளைப் பற்றி வளரும் கெல்ப் எனப்படும் பெரும்பழுப்புப் பாசிக் காடு. மற்றொன்று, மணலிலும் சேற்றிலும் வேரூன்றி வளரும் கடற்புல் படுகை. வடகடல்களில் சோஸ்டெரா என்னும் விலாங்குப்புல் இப்படுகைகளை அமைக்கிறது. தமிழகக் கடலில் கெல்ப் இல்லை. அதற்கு வேண்டிய குளிர்நீர் இங்கு இல்லை. சோஸ்டெராவும் இல்லை. ஆயினும் அவற்றிற்கு நிகரான வெப்பக்கடற் புற்கள் உள்ளன. ஆகவே தமிழகத்தில் இம்மீன்களைப் பற்றிய ஆய்வு கடற்புல்லிலிருந்தே தொடங்க வேண்டும்.

இருவகை ஒல்லியுடல்

நீண்டு மெலிந்த மீன்கள் யாவும் ஒரே காரணத்தால் அவ்வடிவம் பெற்றவையல்ல. தமிழகக் கடற்கரையில் நன்கு அறியப்பட்ட முரல் மீன் மெலிந்த உடலும் நீண்ட அலகும் உடையது. ஆனால் அது நீரின் மேற்பரப்பில் விரைந்து நீந்துவது. அதன் மெலிவு விரைவுக்கு உரியது. குழல்மீனின் மெலிவு அசையாமைக்கு உரியது. இவ்வேறுபாட்டை உணர்ந்தால் அதன் உடலின் ஏனைய கூறுகளும் தெளிவாகும்.

குழல்மீன்களும் கடற்குதிரைகளும் சிங்னாதிடே என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தில் ஏறத்தாழ 300 இனங்கள் உள்ளன. செதில்களுக்கு மாற்றாக எலும்பு வளையங்கள் இவற்றின் உடலைச் சூழ்ந்துள்ளன. இடுப்புத்துடுப்பு இல்லை. சிறிய முதுகுத்துடுப்பை விரைவாக அலைத்து மெல்ல நகர்கின்றன. வாய் பல்லற்ற குழலாக நீண்டுள்ளது. அருகில் வரும் நுண்ணிய ஓட்டுடலிகளைச் சில மில்லி வினாடிகளில் இக்குழலால் உறிஞ்சிக் கொள்கின்றன. இரைப்பை இல்லாமையால் அடிக்கடி உண்ண வேண்டியுள்ளது. விரட்டிப் பிடிக்கும் ஆற்றல் இல்லாத ஒரு மீன் அடிக்கடி உண்ண வேண்டுமாயின், இரை செறிந்த இடத்தில், பகைக்கும் இரைக்கும் தெரியாமல் நிற்க வேண்டும். கடற்புல் படுகை அத்தகைய இடம். இலைகள் நீரோட்டத்தின் வேகத்தைக் குறைக்கின்றன. இலைகளின்மேல் படரும் நுண்பாசிகளை நாடிச் சிற்றுயிர்கள் திரள்கின்றன. மெலிந்த உடல் இலைகளுள் ஓர் இலையாகத் தோன்றுகிறது.

இனப்பெருக்கத்திலும் இந்நிலைத்த வாழ்வு வெளிப்படுகிறது. இக்குடும்பத்தில் கருவைச் சுமப்பது ஆண். கடற்குதிரையில் ஆணின் வயிற்றுப்புறத்தே மூடிய பை உண்டு. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் வாழும் சிங்னாதாய்டஸ் பையாகுலியேட்டஸ் என்னும் பச்சை நிறக் குழல்மீனில் பை இல்லை. முட்டைகள் ஆணின் வயிற்றின்மேல் வெளிப்படையாக ஒட்டியிருக்கின்றன. வால்துடுப்பு அற்ற இம்மீன் வாலால் புல்லைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. முட்டை சுமக்கும் ஆண் பிடிபட்டால் ஓர் ஈற்றின் குஞ்சுகள் அனைத்தும் அதனோடு அழிகின்றன.

தாவரம் வகுத்த வடிவம்

இவ்வடிவம் தாவரச் சூழலால் விளைந்தது என்பதற்கு வலுவான சான்று, தொடர்பற்ற வேறொரு மரபிலும் அதே வடிவம் தோன்றியிருப்பதாகும். அலாஸ்கா முதல் பாஹா கலிபோர்னியா வரையுள்ள வடபசிபிக் கரையில் ஆலோரிங்கஸ் ஃபிளாவிடஸ் என்னும் குழல்மூக்கு மீன் வாழ்கிறது. ஏறத்தாழ 18 செ.மீ. வரை வளரும் இது, கெல்ப் காடுகளிலும் விலாங்குப்புல் படுகைகளிலும் திரிவது. ஆண்மீன் தன் உடலில் சுரக்கும் பசையால் பாசியிழைகளைப் பிணைத்துக் கூடமைத்து முட்டைகளைக் காக்கிறது. முன்னாளில் உருவ ஒப்புமை கருதி இம்மீனும் குழல்மீன்களும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டன. மரபணு ஆய்வுகள் இவை நெருங்கிய உறவின அல்ல என்று காட்டின. மெலிந்த உடல், குழல்வாய், தந்தை பேணும் முட்டை ஆகியன இரு மரபிலும் தனித்தனியே அமைந்துள்ளன.

இத்தகைய இணைப்பு வலிமையும் ஆகும்; இடரும் ஆகும். 1930களில் வடஅட்லாண்டிக் கரைகளில் ஒரு நோயால் விலாங்குப்புல்லின் பெரும்பகுதி அழிந்தது. அப்புல்லின் இலையை மட்டுமே சார்ந்து வாழ்ந்த லோட்டியா ஆல்வியஸ் என்னும் சிறு நத்தையினம் அதனோடு மறைந்தது. எவரும் அந்நத்தையைப் பிடித்து அழிக்கவில்லை. அதன் நிலம் போயிற்று, உயிரும் போயிற்று.

மாமல்லபுரக் கடற்கரையின் நிலை

இந்தியக் கடல்களில் ஏறத்தாழ 15 கடற்புல் இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றின் செழிப்பான வெளிகள் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் அமைந்துள்ளன. அங்கு நீர் ஆழங்குறைந்தது, அலை தணிந்தது, ஒளி அடிமட்டத்தை அடைகிறது. செங்கல்பட்டு மாவட்டத்தின் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் ஆகிய கரைகளின் இயல்பு வேறு. இது திறந்த வங்கக்கடலின் அலைமோதும் மணற்கரை. ஆண்டின் பெரும்பகுதி கரையோர நீரோட்டம் மணலை வடக்கு நோக்கி நகர்த்துகிறது. இடம்பெயரும் மணலில் கடற்புல் வேரூன்றுதல் அரிது. மாமல்லபுரத்தின் பாறைகளில் உல்வா, கீட்டோமார்ஃபா முதலிய பச்சைப் பாசிகள் வளர்கின்றன. அலையறையும் அப்பாறைகளில் வாலால் பற்றி நிற்கும் மென்மீனுக்கு இடமில்லை.

எனவே இக்கரையில் குழல்மீனுக்குரிய நிலம் திறந்த கடலில் அன்று, கரைக்குப் பின்னுள்ள கழிகளில் அமைகிறது. முட்டுக்காட்டு உப்பங்கழி, முதலியார்குப்பத்தை அடுத்த ஓதியூர்க் கழி, வயலூர் அருகே கடலில் கலக்கும் பாலாற்றின் கழிமுகம் ஆகியன இவ்வகையின. மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் கள ஆய்வு நிலையம் முட்டுக்காட்டில் அமைந்திருப்பதும் இக்கழியின் தன்மையைக் கருதியே.

நிலத்தோடு பொழுதும் இங்கு முதன்மை பெறுகிறது. கோவளம் முகத்துவாரத்தை மணல்திட்டு அவ்வப்போது அடைக்கிறது. வடகிழக்குப் பருவமழையின்போது வெள்ளம் முகத்துவாரத்தைத் திறக்க, கழிநீர் நன்னீரை ஒக்கிறது. கோடையில் உவர்ப்பு மிகுகிறது. இத்தகைய ஏற்றத்தாழ்வைத் தாங்கும் நீர்த்தாவரங்கள் சிலவே. ஹாலோஃபிலா, ஹாலோடூல், ரூப்பியா ஆகிய பேரினங்களின் சிற்றிலைத் தாவரங்கள் அத்திறன் உடையவை. ஒரு மீட்டருக்கு மேல் நீளும் நாடா போன்ற இலைகளையுடைய எனாலஸ் போன்றவை இங்குத் தழைப்பதில்லை. இலை சிறுத்தால் அதனுள் மறையும் மீனும் சிறுக்க வேண்டும். ஒரு சாணுக்கு மேல் வளரும் பச்சைக் குழல்மீனுக்கு விரலளவுப் புல் மறைவாகாது. இந்தியக் கழிமுகங்களில் வாழும் இக்தியோகாம்பஸ் கார்சே போன்ற சிறிய, உவர்ப்பு மாற்றத்தைத் தாங்கும் குழல்மீன்களுக்கே இச்சூழல் ஏற்றது. கடற்குதிரைகளுள் ஹிப்போகாம்பஸ் டிரைமாகுலேட்டஸ் போன்றவை புல்லற்ற மணலடியிலும் வாழ வல்லவை. சோழமண்டலக் கரையில் இழுவலைகளில் அகப்படக் கூடியவை இத்தகையனவே.

சட்டமும் வலையும்

உலர்த்திய கடற்குதிரையும் குழல்மீனும் சீன மரபு மருத்துவத்தில் பயன்படுகின்றன. தமிழகத்தின் தென்கரையிலிருந்து இவை ஏற்றுமதியாகி வந்தன. 2001இல் இக்குடும்பம் முழுவதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. கடற்குதிரைகளின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் முடிவு 2002இல் எடுக்கப்பட்டு 2004இல் நடைமுறைக்கு வந்தது.

இந்நடவடிக்கைகள் வணிகத்தை நோக்கியவை. ஆனால் இம்மீன்களுள் பெரும்பாலானவை இவற்றையே நாடி விரித்த வலையில் அகப்படுபவை அல்ல. இறாலுக்கு இழுக்கும் மடியில் உடன் அகப்படுபவை. வலை கரையேறும்போது மென்மீன் பெரும்பாலும் இறந்திருக்கும் அல்லது சிதைந்திருக்கும். அதை விற்றால் குற்றம்; கடலில் எறிந்தாலும் மீன் மீளாது. சட்டத்தின் சுமை மீனவர்மேல் விழுகிறது. மீனுக்குக் கிடைக்கும் பயன் குறைவு. அடிமட்டத்தை உரசும் அதே மடி புல்லையும் கிழிக்குமாயின் இழப்பு இருமடங்காகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஓரளவு ஓய்வு தருகிறது. எனினும் கிழிந்த கிடைத்தண்டு மீண்டும் படர்ந்து வெளியாவதற்கு அக்காலம் போதாது.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கி.மீ. பரப்பு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. கடற்பசுவின் பெயரால் அமைந்தாலும் அது காப்பது கடற்புல் வெளியையே. அதன் பயன் அங்குள்ள குழல்மீன்களையும் சேரும். உயிரைக் காக்க நிலத்தைக் காத்தல் என்னும் நெறி இதில் செயல்வடிவம் பெறுகிறது.

பாசியா, புல்லா?

இந்நெறி செங்கல்பட்டுக் கழிகளுக்கும் பொருந்த வேண்டுமாயின் ஒரு சொல்லாராய்ச்சி தேவைப்படுகிறது. பேச்சு வழக்கிலும் பொது எழுத்திலும் நீருள் வளரும் பசுமை யாவும் ‘பாசி’ எனப்படுவதுண்டு. கடற்பாசிக்கு உண்மையான வேரும் பூவும் விதையும் இல்லை. கடற்புல்லோ நிலத்தாவர மரபில் தோன்றிக் கடல் புகுந்த பூக்குந்தாவரம். அது வேரூன்றி மண்ணைப் பிணைக்கிறது, நீருள் பூத்து விதை தருகிறது. தென்கரை மீனவர் வழக்கில் கடற்புல்லுக்குத் ‘தாழை’ என்னும் தனிப்பெயர் உண்டு. மக்கள் வழக்கு வேறுபடுத்தும் ஒன்றை அறிவுத்துறை எழுத்து கலந்துவிடுதல் தகாது.

இது பெயரளவிலான சிக்கல் அன்று. 2011, 2019 ஆகிய ஆண்டுகளின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் கடற்புல் படுகைகளை முதல் வகைக் கூருணர்வுப் பகுதிகளுள் பெயர் சுட்டிச் சேர்த்துள்ளன. கடற்பாசி அப்பட்டியலில் தனியே இடம்பெறவில்லை. கழியொன்றின் அடியிலுள்ள சிறுபுல்லைக் களப்பணியாளர் ‘பாசி’ என்று குறித்தால், அந்நிலம் தனக்குரிய சட்டப் பாதுகாப்பை ஒரு சொல்லால் இழக்கிறது. முகத்துவாரம் தூர்வாரப்படும்போதும், கரையில் கட்டுமானம் எழும்போதும், கழிவுநீர் கலந்து நீர் கலங்கும்போதும் அங்கு இழக்கப்படுவது யாது என்று கேட்பதற்கே வழி இல்லாமற் போகிறது. ஹாலோஃபிலா போன்ற சிற்றிலைப் புற்கள் பருவந்தோறும் மறைந்து தோன்றும் இயல்பின. மழைக்காலத்தில் ஒருமுறை நோக்கி ‘இல்லை’ என்று பதிவதும் இதே பிழையாகும்.

முடிவுரை

குழல்மீனின் ஒல்லியுடல் விரைவுக்காக அன்றி மறைவுக்காக அமைந்தது. அம்மறைவைத் தருவது கடற்புல். மாமல்லபுரக் கரையில் அப்புல்லுக்கு ஏற்ற இடம் கழிகளே. கழியின் தன்மையை முடிவு செய்வது முகத்துவாரமும் பருவமழையும். எனவே இப்பகுதி ஆய்வுகள் மீனைத் தேடுவதற்கு முன் புல்லைத் தேடுதல் வேண்டும். கோடை, மழை என இரு பொழுதிலும் தேடுதல் வேண்டும். கண்டதைப் பாசியென்றும் புல்லென்றும் பிரித்து எழுதுதல் வேண்டும். இதில் உயிரியலார்க்கும் தமிழ்க் கலைச்சொல் ஆய்வாளர்க்கும் மீனவர்க்கும் ஒத்த பங்குண்டு.

கடற்புல் படுகை இடம்பெறும் அதே அறிவிக்கைப் பட்டியலில் தொல்லியல் சிறப்புடைய இடங்களும் இடம்பெறுகின்றன. 1984 முதல் உலக மரபுச் சின்னமாகப் போற்றப்படும் மாமல்லபுரக் கோயில்களை எவரும் பெயர் மாற்றி எழுதுவதில்லை. அவற்றிற்குச் சில கல் தொலைவிலுள்ள கழியின் புல்லுக்கும் அத்தகைய சரியான பெயர் வாய்ப்பதே அதைக் காப்பதன் தொடக்கமாகும்.