பத்து வரிக் கோப்பு

சி மொழியில் நிரல் எழுதிப் பழகும் மாணவி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். திரையில் தமிழ் எழுத்துகளைக் காட்டும் சிறிய நிரல் ஒன்றை எழுதினாராம். அவருடைய மடிக்கணினியில் கம்பைல் ஆகிறது. தோழியின் உபுண்டுவில் மட்டும், பாங்கோ லைப்ரரி கிடைக்கவில்லை என்று நின்றுவிடுகிறது. தோழி நாள் முழுக்கத் திரையில் தமிழ் படிக்கிறார், அதற்குப் பின்னால் பாங்கோவும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. இருக்கிற லைப்ரரியை ஏன் இல்லை என்கிறது?

உபுண்டுவிலும் டெபியனிலும் இப்படிப்பட்ட லைப்ரரிகள் இரண்டு பொட்டலமாக வரும். நிரல்கள் ஓடுவதற்கு ஒன்று. அந்த லைப்ரரியை வைத்துப் புதிதாக எதையாவது கட்டுகிறவர்களுக்கு இன்னொன்று. அதன் பெயர் 'டெவ்' என்று முடியும். தோழியிடம் இருப்பது முதல் பொட்டலம் மட்டும். ஏபிடி கட்டளையால் இரண்டாவதையும் நிறுவிவிட்டால் தீர்ந்தது. பதில் இவ்வளவுதான். ஆனால் அந்த டெவ் பொட்டலத்துக்குள் ஹெட்டர் கோப்புகளோடு வந்து இறங்கும் ஒரு குட்டிக் கோப்பைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

கம்பைலர், லிங்கர் என்றால் என்ன என்று இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஹெட்டர்கள் எந்த அடைவில் இருக்கின்றன என்று முன்னதற்கும், லைப்ரரியின் பெயர் என்ன, எங்கே இருக்கிறது என்று பின்னதற்கும் நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். அந்த இடமோ டெபியனில் ஒன்று, ஃபெடோராவில் ஒன்று, மேக்கில் இன்னொன்று. தொண்ணூறுகளில் ஜிடிகே லைப்ரரிக்காக ஓவன் டெய்லர் 'ஜிடிகே-கான்ஃபிக்' என்ற நிரலை எழுதினார். அதை ஓட்டினால் கம்பைலருக்குக் கொடுக்க வேண்டிய விவரங்களை அப்படியே ஒப்பிக்கும். அதைப் பார்த்து க்னோம் குழுவினர் 'க்னோம்-கான்ஃபிக்' செய்தார்கள். இப்படியே போனால் லைப்ரரிக்கு ஒரு கான்ஃபிக் நிரல் என்றாகிவிடும். அந்தக் குழுவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹென்ஸ்ட்ரிட்ஜ் 2000-ல் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றை எழுதினார். அதுதான் பிகேஜி-கான்ஃபிக். மார்ட்டைன் வான் பீர்ஸ் அதைத் திரும்ப எழுதினார். பிறகு ஹேவக் பென்னிங்டன் இன்னொரு முறை எழுதினார்.

நிரல் ஒன்றே ஒன்று. லைப்ரரிகள் தங்கள் விவரத்தை 'பிசி' என்று முடியும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதி வைத்துவிட்டால் போதும். பாங்கோவின் டெவ் பொட்டலத்தில் வரும் பாங்கோகெய்ரோவின் கோப்பைத் திறந்து பாருங்கள். முதல் வரி 'ப்ரீஃபிக்ஸ்': லைப்ரரி நிறுவப்பட்ட இடம். ஹெட்டர் அடைவும் லைப்ரரி அடைவும் அந்த முதல் வரியைச் சுட்டியே எழுதப்பட்டிருக்கும். அதனால் இடம் மாறினால் ஒரே ஒரு வரியைத் திருத்தினால் போதும். பிறகு பெயர், ஒரு வரி விளக்கம், பதிப்பு எண். அதன் பின் 'ரிக்வயர்ஸ்' வரி: எனக்குப் பாங்கோவும் கெய்ரோவும் வேண்டும் என்கிறது. பிகேஜி-கான்ஃபிக் உடனே அந்த இரண்டின் கோப்புகளைத் தேடிப் போகும். அவை கைகாட்டுகிற கோப்புகளுக்கும் போகும். சேர்த்ததையெல்லாம் ஒரே வரியாக நம் கையில் தரும்.

பம்ப்செட் மோட்டார்களுக்கு ரீவைண்டிங் செய்துவந்த என் சித்தப்பா, காயில் கட்டி முடித்ததும் மூடியின் உட்புறம் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டுவார். கம்பி எத்தனை கேஜ், ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று என்று அதில் இருக்கும். அடுத்து எந்த ஊரில் எந்த மெக்கானிக் பிரித்தாலும் எரிந்துபோன கம்பியை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். முகம் தெரியாதவருக்குச் செய்யும் அந்த உபகாரத்தைத்தான் பிசி கோப்பும் செய்கிறது.

இதில் எனக்கு அலுக்காத விசித்திரம் ஒன்று உண்டு. தமிழில் 'கொ' என்ற எழுத்து கணினிக்குள் ககரமும் ஒகரக் குறியும் என்ற வரிசையில்தான் கிடக்கிறது. திரையில் அந்தக் குறி இரண்டாகப் பிளந்து, கொம்பு ககரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் போய் நிற்க வேண்டும். லினக்ஸில் இந்த இடமாற்றத்தைச் செய்வது ஹார்ஃபஸ் என்ற லைப்ரரி. பாங்கோ அதன் மேல்தான் நிற்கிறது. எழுத்துருக் கோப்பைப் படித்து வடிவத்தை வரைந்து தருவது ஃப்ரீடைப். ஹார்ஃபஸ் தன் ஃப்ரீடைப் இணைப்போடு கட்டப்பட வேண்டுமென்றால் ஃப்ரீடைப் முன்பே இருக்க வேண்டும். ஃப்ரீடைப்போ, சிறிய அளவிலும் எழுத்துகள் கூர்மையாகத் தெரியும்படி தானே சீர்படுத்தும் பகுதியில் ஹார்ஃபஸின் உதவியைக் கேட்கிறது. இதற்கு அது வேண்டும், அதற்கு இது வேண்டும்.

கட்டுகிறவர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது. ஹார்ஃபஸ் இல்லாமல் ஃப்ரீடைப்பை ஒரு முறை கட்டு. அதை வைத்து ஹார்ஃபஸைக் கட்டு. பிறகு ஹார்ஃபஸோடு ஃப்ரீடைப்பை மறுபடியும் கட்டு. அதற்குப் பிறகு இரண்டின் பிசி கோப்புகளும் ஒன்றையொன்று சுட்டும். பிகேஜி-கான்ஃபிக் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய், அங்கிருந்து திரும்பவும் முதல் கோப்புக்கே வந்து நிற்கும். வந்த வழியை அது குறித்து வைத்துக்கொள்வதால், ஏற்கெனவே பார்த்ததைக் கண்டதும் தாண்டிவிடும். இல்லையென்றால் முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

இதே சுழலில் பிகேஜி-கான்ஃபிக்கும் மாட்டியிருந்தது. அதைக் கட்ட ஜிலிப் லைப்ரரி வேண்டும். ஜிலிப்பைக் கட்ட பிகேஜி-கான்ஃபிக் வேண்டும். கடைசியில் ஜிலிப்பின் பிரதி ஒன்றைத் தன் மூலநிரலுக்குள்ளேயே வைத்துக்கொண்டது. 2011-ல் தொடங்கிய பிகேஜிகான்ஃப் என்ற மாற்று நிரலுக்கு ஜிலிப்பே தேவையில்லை. ஃபெடோரா, டெபியன், மேக்கில் பொட்டலங்களை நிறுவும் ஹோம்ப்ரூ எல்லாம் இன்று அதற்கு மாறிவிட்டன. கோப்புகள் மட்டும் பழையபடியே இருக்கின்றன.

இவ்வளவு வசதி இருந்தும், மேக்ஃபைலில் 'யுஎஸ்ஆர்/லோக்கல்' என்று பாதையை முழுசாக எழுதிவைக்கும் பழக்கம் போகவில்லை. 2020-ல் எம்1 சிப்போடு மேக் கணினிகள் வந்தபோது, ஹோம்ப்ரூ அவற்றில் யுஎஸ்ஆர்/லோக்கலை விட்டுவிட்டு வேறு அடைவுக்குப் போனது. பாதையை நேரடியாக எழுதியிருந்த திட்டங்கள் அந்தக் கணினிகளில் நின்றுபோயின. பிகேஜி-கான்ஃபிக்கைக் கேட்டுக் கட்டியவற்றுக்குப் புது இடம் தானாகவே கிடைத்தது. அதே ஹோம்ப்ரூ, மேக்கிலேயே ஏற்கெனவே இருக்கும் சில லைப்ரரிகளை நிறுவும்போது பொது அடைவோடு இணைக்காமல் தனியே விட்டுவிடும். அவற்றின் பிசி கோப்பு எங்கே இருக்கிறது, தேடும் பாதையில் அதை எப்படிச் சேர்ப்பது என்று நிறுவி முடித்ததும் டெர்மினலில் சொல்கிறது. அந்த நாலு வரியைப் படிக்காமல் திரையைத் துடைத்துவிட்டு, லைப்ரரி கெட்டுப்போனதாக நினைத்து அழித்துத் திரும்ப நிறுவுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிகேஜி-கான்ஃபிக்கின் பிழைச் செய்தியும் எந்தக் கோப்பைக் காணவில்லை, எந்தப் பாதையில் சேர்க்கலாம் என்று தெளிவாகவே சொல்கிறது. அதைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் ஆய்வகங்கள் பெருக வேண்டும்.

லைப்ரரி எழுதுகிறவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். மாதக்கணக்கில் உழைத்து நல்ல லைப்ரரியை எழுதி வெளியிடுகிறவர்கள், பிசி கோப்பு எழுத அரை மணி நேரம் ஒதுக்காமல் விட்டுவிடுகிறார்கள். பயன்படுத்த வருகிறவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பாதையைத் தேடி அலைகிறார்கள். பாதிப் பேர் அலுத்துப்போய் விலகிவிடுகிறார்கள். தமிழ்ச் சொல்திருத்திக்கோ பேச்சுத் தொகுப்புக்கோ சி மொழியில் லைப்ரரி செய்கிறவர்கள் அதை இப்போதே சேர்த்துவிடுங்கள். மெசான் என்ற கட்டுமானக் கருவியைப் பயன்படுத்தினால் அதிலுள்ள பிகேஜிகான்ஃபிக் மாட்யூலுக்குப் பெயரும் விளக்கமும் கொடுத்தால் போதும். கோப்பை உருவாக்கிச் சரியான அடைவில் அதுவே வைத்துவிடும். மேக்ஃபைல் மட்டும் இருந்தால் கையாலேயே எழுதலாம். நிறுவிய பிறகு 'வேலிடேட்' என்ற விருப்பத்தோடு பிகேஜி-கான்ஃபிக் கட்டளையை ஒரு முறை ஓட்டுங்கள், எழுதியதில் பிழை இருந்தால் காட்டிவிடும்.